ஐஸ்லாந்தில் கோடையில் கடற்பறவையும் எரிமலை நிலமும் படமெடுப்பது எப்படி?

கேள்வி: ஜூலை இரண்டாம் வாரம் பத்து நாள் பயணமாக ஐஸ்லாந்து போகிறேன். பஃபின் என்ற கடற்பறவைகளையும் எரிமலை நிலத்தையும் படமெடுக்க ஆசை. கையில் 100–400 மி.மீ. லென்ஸும் 16–35 லென்ஸும் இருக்கின்றன. தீவைச் சுற்றும் சாலையில் முழுச் சுற்று போய்விடலாமா? பஃபினுக்காக 600 மி.மீ. லென்ஸ் வாடகைக்கு எடுக்க வேண்டுமா?

முழுச் சுற்று வேண்டாம். 600 லென்ஸும் வேண்டாம். அந்த வாடகைப் பணத்தில் ஒரே இடத்தில் கூடுதலாக இரண்டு இரவு தங்குங்கள். ஏன் என்று விளக்குகிறேன்.

நான் மூன்று கோடைகள் அங்கே போயிருக்கிறேன். முதல் தடவை எல்லோரையும் போல ஒன்றாம் எண் சாலையில் 1,300 கிலோமீட்டருக்கு மேல் சுற்றினேன். பார்க்க வேண்டிய இடம் எதையும் விடவில்லை. ஆனால் ஊர் திரும்பிப் படங்களைத் திறந்தால், ஏறக்குறைய எல்லாமே காலை பதினொன்றுக்கும் மாலை ஐந்துக்கும் நடுவில் எடுத்தவை. வெளுத்த வானம், தட்டையான மலை, கண்ணில் ஒளிப்புள்ளி இல்லாத பறவை. நல்ல வெளிச்சம் வந்த நேரத்தில் நான் விடுதியில் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறேன், மறுநாள் முந்நூறு கிலோமீட்டர் ஓட்ட வேண்டுமே என்று.

அதனால் முதலில் வெளிச்சத்தைப் பற்றிப் பேசிவிடுவோம். சென்னையில் சூரியன் ஏறக்குறைய நேராகக் கீழே இறங்கும். பொன்னிற ஒளி அரை மணி நேரம் கிடைத்தாலே அதிகம். ஐஸ்லாந்து 64, 65, 66 பாகை வடக்கில் இருக்கிறது. அங்கே கோடைச் சூரியன் தொடுவானத்தை ஒட்டிச் சாய்ந்து சாய்ந்து நகரும். ஜூலை நடுவில் தலைநகர் ரெய்க்யவிக்கில் இரவு பதினொன்றரையை ஒட்டி மறைந்து, மூன்றரை நான்கு மணிக்குள் மறுபடி எழுந்துவிடும். இடையில் முழு இருட்டே கிடையாது. இரவு ஒன்பதரைக்குத் தொடங்கும் அந்த மஞ்சள் ஒளி மறைவு வரை நீடிக்கும், பிறகு வானம் ரோஜா நிறமாகி அப்படியே விடியலில் போய்ச் சேரும். மேகம் இல்லாவிட்டால் ஒரே இரவில் ஆறு மணி நேரம் வேலை செய்யலாம்.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஐஸ்லாந்தின் கடிகாரம் லண்டனின் குளிர்கால நேரத்தில் ஓடுகிறது, நிலமோ அதைவிட வெகு மேற்கே இருக்கிறது. அதனால் சூரியன் உச்சிக்கு வருவது பகல் ஒன்றரை மணிக்கு, மிகவும் கீழே போவது இரவு ஒன்றரை மணிக்கு. 'நள்ளிரவு வெளிச்சம்' என்று நம்பிப் பன்னிரண்டு மணிக்கே மூட்டை கட்டிவிடாதீர்கள்.

இன்னொன்று திசை. அந்த மாதங்களில் சூரியன் மறைவது மேற்கில் அல்ல, வடக்கை ஒட்டிய வடமேற்கில். அதனால்தான் தெற்குக் கரையின் புகழ்பெற்ற கறுப்பு மணல் கடற்கரையான ரேனிஸ்ஃபியாராவில், தெற்கு நோக்கிய பாறைச் சுவர் கோடை இரவில் நிழலில் கிடக்கிறது. குளிர்காலப் படங்களைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் அங்கே ஏமாந்து போவார்கள். அந்த இடத்தை மேகம் மூடிய நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வடக்கும் வடமேற்கும் பார்த்த கரைகள்தான் இரவு வெளிச்சத்துக்கு உகந்தவை.

சரி, இடத்துக்கு வருவோம். பத்து நாளில் நான்கு இரவை மேற்கு ஃபியார்டுகளுக்கு (நிலத்துக்குள் நீளமாக நுழையும் கடற்கழிகள் நிறைந்த பகுதி) கொடுங்கள். அங்கே லௌத்ராபியார்க் என்ற பாறைச் சுவர் இருக்கிறது. ஐஸ்லாந்தின் மேற்குக் கோடி, 14 கிலோமீட்டர் நீளம், உயர்ந்த இடத்தில் 440 மீட்டர். பஃபின், ரேசர்பில், இரண்டு வகை கில்லிமோட், கிட்டிவேக், ஃபுல்மர் என்று கடற்பறவைகள் லட்சக்கணக்கில் குடியிருக்கின்றன. கடைசிப் பகுதி சரளைச் சாலை, மெதுவாகத்தான் போக முடியும். ஸ்டிக்கிஸ்ஹோல்முர் ஊரிலிருந்து காரோடு படகில் ஃபியார்டைக் கடந்தால் சுற்றுவழி மிச்சம், இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து ஓய்வெடுத்த மாதிரியும் ஆயிற்று.

பஃபின்கள் பகலில் பெரும்பாலும் கடலில் இருக்கும். சாயங்காலம் ஏழு எட்டு மணிக்கு மேல் வந்து பாறை விளிம்பின் புல்லில் நிற்கத் தொடங்கும். நரியால் விளிம்பு வரை வர முடியாது என்பதாலோ என்னவோ, அங்கே அவை மனிதரைப் பார்த்து அவ்வளவாகப் பயப்படுவதில்லை. இரண்டு மூன்று மீட்டரில் நின்றுகொண்டு தலையைச் சாய்த்துப் பார்க்கும். 600 லென்ஸ் வேண்டாம் என்று சொன்னது இதனால்தான், அந்தத் தொலைவில் அதற்கு ஃபோகஸே கிடைக்காது. உங்கள் 100–400 தாராளம்.

ஆனால் ஒரு விஷயத்தில் மிகக் கவனமாக இருங்கள். பஃபின் மண்ணைத் தோண்டி வளையில் முட்டையிடும் பறவை. விளிம்பை ஒட்டிய புல்தரை முழுக்க உள்ளே பொந்துதான். மேலே பச்சைப் பாய் விரித்தது போல உறுதியாகத் தெரியும், காலை வைத்தால் உள்வாங்கும், அதற்குக் கீழே நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்தில் கடல். எல்லைக்கோடு போட்டிருக்கும் இடத்தில் அதைத் தாண்டாதீர்கள். கோடு இல்லாத இடத்தில் தொலைவிலேயே மண்டியிட்டு, பிறகு வயிற்றால் ஊர்ந்து போங்கள். நின்றுகொண்டு விளிம்புக்குப் போகவே கூடாது.

படுத்துக்கொள்வது உயிருக்கு மட்டுமல்ல, படத்துக்கும் நல்லது. பஃபின் பெரிய பறவை என்று நினைத்துப் போகிறோம், ஆனால் எடை அரைக் கிலோதான், உயரம் ஒரு சாண் சொச்சம். நின்றபடி எடுத்தால் பறவை புல்லுக்குள் புதைந்து பொம்மை மாதிரி தெரியும். கேமராவைத் தரையோடு தரையாக வைத்தால் அதன் கண்ணும் உங்கள் லென்ஸும் ஒரே மட்டத்துக்கு வரும், பின்னால் கடல் முழுவதும் ஒரே நீலமாகக் கரைந்துவிடும். லௌத்ராபியார்க்கில் இரவு பத்து மணி வெயில் பக்கவாட்டிலிருந்தும் பறவைக்குப் பின்னாலிருந்தும் வரும். அந்த எதிர்வெளிச்சத்தைத் தவிர்க்காதீர்கள். ஆரஞ்சுக் கால்விரல்களின் சவ்வுக்குள் ஒளி ஊடுருவும் அந்த நிமிடத்துக்காகவே நான் இரண்டாம் தடவை போனேன்.

வெள்ளை மார்பு, கறுப்பு முதுகு, கறுத்த பாறை. கேமரா தானாக அளந்தால் மார்பு வெளுத்துச் சிறகு விவரமே இல்லாமல் போகும். எக்ஸ்போஷரை (கேமரா ஏற்கும் ஒளியளவை) முக்கால் ஸ்டாப் வரை குறைத்து வையுங்கள். நிழலைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம், வெளுத்த வெள்ளையை மீட்க முடியாது.

பறக்கும் பஃபின் கடினம். மணிக்கு எண்பது கிலோமீட்டர் வேகம், நிமிடத்துக்கு நானூறு முறை வரை சிறகடிப்பு. ஷட்டர் 1/2500-க்குக் கீழே போகாதீர்கள், ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) ஏறினால் ஏறட்டும். ஆனால் இதிலும் ஒரு வழி இருக்கிறது. கூட்டமாக இருக்கும்போது அவை ஒரே வட்டத்தில் சுற்றிச் சுற்றி வரும். ஒரு பறவையைத் துரத்தாமல், பத்து நிமிடம் சும்மா பார்த்து அந்தத் தடத்தைக் கண்டுபிடியுங்கள். அதில் ஓர் இடத்தில் கேமராவைத் தயாராக வைத்துக் காத்திருங்கள். பறவை காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து அடித்தால் அது உங்களைப் பார்த்தே கால்களை விரித்துக்கொண்டு வரும்.

வாயில் மீன் வரிசையோடு நிற்கும் பஃபின் படம் எல்லோருக்கும் வேண்டும். ஜூலை இரண்டாம் வாரம் அதற்கு நல்ல நேரம், வளைக்குள் குஞ்சு பொரித்திருக்கும். நாக்கிலும் மேலண்ணத்திலும் இருக்கும் சிறு முட்கள் பிடித்த மீனை அழுத்திக்கொள்வதால், அதை விடாமலே அடுத்ததைப் பிடிக்க முடிகிறது. இங்கே நான் செய்த ஒரு தவற்றைச் சொல்ல வேண்டும். மீனோடு ஒரு பறவை என் தலைக்கு மேல் நாலைந்து முறை சுற்றியது. நல்ல வாய்ப்பு என்று எடுத்துக்கொண்டே இருந்தேன். அதன் வளையின் வாசல் நான் படுத்திருந்த இடத்திலிருந்து ஒன்றரை மீட்டரில் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. இறங்க முடியாமல் அது மறுபடி கடலுக்கே போய்விட்டது. வளைக்குள் இருந்தது ஒரே ஒரு குஞ்சு, ஏனென்றால் பஃபின் ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடும். மீனோடு வந்த பறவை இரண்டு சுற்றுக்கு மேல் இறங்காவிட்டால், நீங்கள்தான் வழியில் இருக்கிறீர்கள் என்று பொருள். உடனே பின்வாங்குங்கள்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. உலகத்து அட்லாண்டிக் பஃபின்களில் பாதிக்கு மேல் ஐஸ்லாந்தில்தான் இனப்பெருக்கம் செய்கின்றன. 2000-களின் நடுவிலிருந்து தெற்கிலும் மேற்கிலும் அவற்றின் உணவான மணல்விலாங்கு மீன் குறைந்துபோய், பல ஆண்டுகள் குஞ்சுகள் தேறவே இல்லை. 2015-இல் இந்த இனத்தை உலக அளவில் அழிவுக்கு ஆளாகக்கூடியவற்றின் பட்டியலில் சேர்த்தார்கள். ஒரு வேளை உணவை நாம் தடுத்தாலும் அது சின்ன விஷயமல்ல.

பஃபினையே பார்த்துக்கொண்டிருந்து கில்லிமோட்டைத் தவறவிடாதீர்கள். ஜூலையில் அதன் குஞ்சு மூன்று வார வயதில், பறக்கத் தெரியாமலே, பாறை விளிம்பிலிருந்து குதிக்கும். தகப்பன் பறவை கீழே கடலிலிருந்து கூப்பிடும், குஞ்சு குட்டிச் சிறகை விரித்துக்கொண்டு விழும். பெரும்பாலும் இரவு வெளிச்சத்தில்தான் நடக்கும். எனக்கு இதுவரை ஒழுங்கான படம் ஒன்றுகூட அமையவில்லை. ஆனால் அந்தக் குரல்களைக் கேட்டபடி படுத்திருந்த இரவு மறக்கவில்லை.

அடுத்த இரண்டு இரவு ஸ்னைஃபெல்ஸ்னெஸ் தீபகற்பத்தில். அர்னார்ஸ்டாபியில் பசால்ட் என்ற கறுத்த எரிமலைப் பாறைத் தூண்களின் மேலேயே கிட்டிவேக் கூடு கட்டியிருக்கும். ரிஃப், ஹெல்லிசாண்டுர் ஊர்களுக்கு நடுவே ஆர்க்டிக் ஆலாக்களின் பெரிய குடியிருப்பு. ஐஸ்லாந்துக்காரர்கள் அதன் கத்தலையே பெயராக்கி 'க்ரியா' என்கிறார்கள். அண்டார்க்டிக் கடல் வரை போய்த் திரும்பும் பறவை, கூட்டுக்குக் கிட்ட வந்த யாரையும் விடாது, தலையில் கொத்தும். உடம்பின் உயரமான புள்ளியைத்தான் தாக்கும் என்பதால் ட்ரைபாட் காலைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தால் போதும். ஜூலையில் குஞ்சுகள் சாலையிலேயே உட்கார்ந்திருக்கும், தார் நிறத்தோடு கலந்து தெரியாது. அந்தப் பகுதியில் ஊர்ந்துதான் ஓட்ட வேண்டும். காருக்குள்ளிருந்து சன்னல் வழியாக எடுப்பதே பறவைக்கும் தொந்தரவில்லாத வழி.

அப்புறம் ஹெய்மேய் தீவு. தெற்குக் கரையிலிருந்து படகில் நாற்பது நிமிடம். உங்கள் கேள்வியில் பறவையும் எரிமலையும் இரண்டு தனித்தனி வேலைகளாக இருந்தன. ஹெய்மேய்க்குப் போனால் அப்படிப் பிரிக்கத் தோன்றாது. 1973 ஜனவரி 23 அதிகாலை இந்தத் தீவின் ஊர் ஓரத்திலேயே பூமி பிளந்தது. முந்தைய நாள் புயலால் மீன்படகுகள் எல்லாம் துறைமுகத்தில் நின்றதால், ஐயாயிரத்துச் சொச்சம் பேரை அந்த இரவே ஏற்றிக்கொண்டு போக முடிந்தது. நானூறு வீடுகள் போயின. லாவா துறைமுக வாயை அடைக்கப் போனபோது கடல்நீரை அதன் மேல் இறைத்து இறைத்துக் குளிரவைத்தார்கள். அப்போது எழுந்த மலைதான் எல்ட்ஃபெல், 200 மீட்டர் உயரம். அதன் செம்மண் சரிவில் இரவு பதினொரு மணி வெயில் விழும்போது மேலே நில்லுங்கள்: கீழே ஊர், அதைத் தொட்டுக்கொண்டு நிற்கும் கறுப்பு லாவா, எதிரே பச்சைப் பாறைகள். 16–35 லென்ஸுக்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

தீவின் தென்கோடியான ஸ்டோர்ஹோவ்தியில் பஃபின் பார்க்க ஒரு மறைவிடம் கட்டியிருக்கிறார்கள். காற்று கடுமையாக அடிக்கும். அங்கிருந்து தெளிவான நாளில் தென்மேற்கே சுர்ட்சேய் தெரியும். 1963 நவம்பரில் கடலுக்குள் வெடித்து, 1967 ஜூன் வரை வளர்ந்த தீவு. விஞ்ஞானிகளைத் தவிர யாரும் கால் வைக்க முடியாது. வெறும் கறுப்புச் சாம்பலாக இருந்த அதில் 1970-இல் ஃபுல்மரும் கறுப்பு கில்லிமோட்டும் கூடு கட்டின. 1980-களில் கடற்காகங்கள் குடியேறி எச்சமிட்ட இடத்தில்தான் புல் அடர்ந்தது. 2004-இல் பஃபினும் வந்துவிட்டது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு ஐஸ்லாந்தில் என் கண் மாறிவிட்டது. பாறைச் சுவரைத் தொலைவிலிருந்து பாருங்கள். பறவை இல்லாத இடம் கறுப்பு. பறவை உட்காரும் படிகளுக்குக் கீழே மட்டும் கண்ணைப் பறிக்கும் பச்சை வழியும். அடுக்கடுக்காக ஓடி இறுகிய லாவாவின் மென்மையான அடுக்கு தேய்ந்துதான் அந்தப் படிகளே உண்டாயின. எரிமலை படி கட்டியது, பறவை அதில் உரமிட்டது. பஃபின் முகத்தை மட்டும் படச் சட்டம் (ஃப்ரேம்) நிறைய எடுத்தால் அது எந்த ஊர் பஃபினாகவும் இருக்கலாம். லென்ஸை 100-க்குக் குறைத்து, பறவையைச் சட்டத்தின் மூலையில் சின்னதாக வைத்து, அந்தக் கறுப்பையும் பச்சையையும் உள்ளே விடுங்கள். என் படங்களில் வருடங்கள் கழித்தும் நான் திறந்து பார்ப்பவை இவைதான்.

இந்த உறவுக்குத் துயரமான பக்கமும் உண்டு. தென்மேற்கே ரெய்க்யனெஸ் முனையில் நின்றால் கடலில் எல்டேய் என்ற பாறை தெரியும், இன்று கேனட் பறவைகளால் வெள்ளையாக இருக்கிறது. பறக்க முடியாத பெரிய ஆக் பறவை முன்பு அருகிலிருந்த வேறொரு பாறைத்தீவில்தான் பாதுகாப்பாக வாழ்ந்தது, மனிதர் அங்கே இறங்குவது கடினம். 1830-இல் எரிமலைச் சீற்றத்தில் அந்தத் தீவு கடலில் மூழ்கியது. மிஞ்சியவை எல்டேய்க்கு வந்தன. 1844 கோடையில், சேகரிப்பாளர்களுக்கு விற்பதற்காக, அங்கே இருந்த கடைசி இணையைக் கொன்றார்கள். அந்த முனையில் அந்தப் பறவைக்கு ஒரு சிலை இருக்கிறது, கடலைப் பார்த்தபடி. விமான நிலையத்துக்குப் பக்கம்தான், போகும் நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

மிஞ்சிய நாட்களில் லண்ட்மன்னலேகர் என்ற உள்நாட்டு மலைப்பகுதி. ரயோலைட் என்ற வெளிர் எரிமலைப் பாறையாலான மலைகள், கந்தகமும் இரும்பும் ஏறி மஞ்சள், சிவப்பு, சாம்பல் என்று நிறம் மாறும். எஃப் எண் போட்ட மலைச் சாலைகளில் நான்கு சக்கர இயக்க வண்டி கட்டாயம், ஆற்றைக் கடக்கும்போது வண்டிக்கு ஆகும் சேதத்துக்குக் காப்பீடு கிடைக்காது. கோடைகாலப் பேருந்திலேயே போய்விடுங்கள். இந்த மலைகளுக்கு வெயில் தேவையில்லை. மழை விட்ட மேகமூட்டத்தில்தான் நிறம் ஊறித் தெரியும், போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் வடிகட்டி) போட்டால் ஈரப் பாறையின் பளபளப்பு அடங்கும்.

கறுப்பு லாவாவை எடுக்கும்போது கேமரா அதைச் சாம்பலாக்கப் பார்க்கும். ஒரு ஸ்டாப் குறையுங்கள், கறுப்பு கறுப்பாகவே இருக்கட்டும். தெற்கே எல்ட்ஹ்ரவுன் லாவா வெளி 1783–84-இல் லாகி எரிமலைப் பிளவிலிருந்து எட்டு மாதம் வழிந்தது. அதைத் தொடர்ந்த பஞ்சத்தில் நாட்டு மக்களில் ஐந்தில் ஒருவர் இறந்தார்கள். இன்று அதன் மேல் தலையணை போலப் பாசி. அந்தப் பாசி இவ்வளவு அடர இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது, ஒரு காலடித் தடம் ஆறப் பல ஆண்டுகள் ஆகும். போட்ட பாதையை விட்டு இறங்காதீர்கள். சாலையை விட்டு வண்டியை இறக்குவது அங்கே சட்டப்படி குற்றம்.

ரெய்க்யனெஸில் 2021-இலிருந்து அடிக்கடி வெடிப்பு நடக்கிறது. 2023 நவம்பரில் கிரிண்டாவிக் ஊரையே காலி செய்தார்கள். நீங்கள் போகும்போது ஒன்று நடந்தால், அதிகாரிகள் திறந்துவிட்ட பாதையில், அவர்கள் சொன்ன காற்றுத் திசை பார்த்துப் போங்கள். பள்ளத்தில் நச்சுவாயு தேங்கும். மேலே இறுகிய புது லாவாவின் மேல் ஏறவே கூடாது, உள்ளே இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். ரேனிஸ்ஃபியாராவில் அலைக்கு முதுகைக் காட்டாதீர்கள். அமைதியாக இருக்கும் கடல் திடீரென்று ஓர் அலையை மேலே ஏற்றிவிடும், உயிர்கள் போயிருக்கின்றன. ட்ரோனைக் கூடுகளுக்கு அருகே பறக்கவிட வேண்டாம், தேசியப் பூங்காக்களில் அதற்கு அனுமதியும் தேவை.

மீவத்ன் ஏரியும் கிராஃப்ளா எரிமலையும் அருமையானவைதான், ஆனால் இந்தத் தடவை விட்டுவிடுங்கள். வடக்கே போய் வருவதிலேயே இரண்டு நாள் போய்விடும்.

சாமான் விஷயத்தில் நிறைய சொல்ல இல்லை. நல்ல மழைச்சட்டை, மழைக் கால்சட்டை (ஈரப் புல்லில் மணிக்கணக்கில் படுத்திருக்கப் போகிறீர்கள்), லென்ஸில் உப்புத் துளி துடைக்க நாலைந்து துணி, விரல் நுனி திறந்த கையுறை. ஜூலையிலும் இரவில் ஐந்தாறு பாகைக்கு இறங்கும், காற்றில் அதைவிடக் குளிரும். கண்ணை மூடிக் கட்ட ஒரு கறுப்புப் பட்டை கட்டாயம் வேண்டும். விடுதித் திரைகள் போதாது, நீங்கள் தூங்கப் போவது காலை நான்கு மணிக்கு.